சும்மா இருக்கிறாள்: பாலினப் பங்கு என்றால் என்ன?

2011 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக எனக்கு ஒதுக்கப்பட்டது பெருந்துறைப் பக்கம் ஒரு கிராமம். பள்ளிக்கூடம் விட்டதும் படிவக் கட்டைத் தூக்கிக்கொண்டு தோட்டம் தோட்டமாக நடக்க வேண்டும். கொங்கு நாட்டில் வீடுகள் ஊருக்குள் மட்டும் இருப்பதில்லை. காட்டுக்குள் ஒன்று, வாய்க்கால் ஓரத்தில் ஒன்று என்று சிதறிக் கிடக்கும். ஒவ்வொரு வீட்டிலும் முதலில் வரவேற்பது நாய்.

அப்படி ஒரு தோட்டத்து வீட்டில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்த பெரியவர் என் கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய வேலை? "பண்ணையமுங்க." மகன்? "பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டருங்க." வீட்டுக்கார அம்மா? "அவள் சும்மா வீட்டில்தான் இருக்கிறாளுங்க, டீச்சர்."

அவர் அதைச் சொன்னபோது அந்த அம்மாள் தலையில் ஒரு கட்டுச் சோளத்தட்டோடு அவருக்குப் பின்னால் கட்டுத்தரைக்குப் போய்க்கொண்டிருந்தார். அங்கே மூன்று மாடுகள், ஒரு கன்று.

"பால் கறப்பது யாருங்க?"

"அவள்தான்."

"தட்டு அறுப்பது?"

"அதுவும் அவள்தான். எனக்கு ஒத்தாசையாகச் செய்வாள்."

அவர் பொய் சொல்லவில்லை. மனைவியை மட்டம் தட்டவும் இல்லை. உண்மையில் மிகவும் மரியாதையான மனிதர், மோர் குடிக்காமல் என்னை அனுப்பவில்லை. மோர் கொண்டுவந்து கொடுத்தது அந்த அம்மாள். பாலினப் பங்கு என்றால் என்ன என்று யாராவது கேட்டால் எனக்கு அந்த வாசல்தான் நினைவுக்கு வரும். 'சும்மா', 'ஒத்தாசை' என்ற இரண்டு சொற்களைப் பிடித்துக்கொண்டால் இந்தக் கருத்தின் பெரும்பகுதி புரிந்துவிடும்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். பால் என்றால் தமிழில் பகுப்பு. அறத்துப்பால், பொருட்பால் என்பதில் இருப்பதும் ஆண்பால், பெண்பால் என்பதில் இருப்பதும் அதே சொல்தான். உடம்பு எப்படிப் பிறந்தது என்பதை வைத்துச் சொல்வதைப் பால் என்கிறோம். அந்த உடம்பின் மேல் ஊர் ஏற்றிவைக்கும் பழக்கங்கள், கடமைகள், தடைகள், எதிர்பார்ப்புகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பாலினம் என்கிறோம். இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தை 1970களில் சமூகவியலில் பரவலாக்கியவர்களில் பிரிட்டனைச் சேர்ந்த ஆன் ஓக்லி முக்கியமானவர். 'நீ ஆண், ஆகவே இதைச் செய். நீ பெண், ஆகவே இதைச் செய்யாதே' என்று ஊர் பிரித்துக் கொடுக்கும் வேலைப் பட்டியலுக்குத்தான் பாலினப் பங்கு என்று பெயர். ஆண், பெண் என்ற இரண்டு அறைகளுக்குள் அடங்காத திருநர்களுக்கு இந்தப் பட்டியலில் இடமே கிடையாது. அவர்களுக்காகத் தமிழ்நாடு 2008இல் நலவாரியம் அமைத்தது. அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

ஒரு வேலை உடம்பு தருவதா, ஊர் தருவதா என்று கண்டுபிடிப்பது அப்படியொன்றும் கடினம் இல்லை. கருவைச் சுமப்பது, பெறுவது, பாலூட்டுவது ஆகியவை உடம்பு சார்ந்தவை. மற்றதெல்லாம் இடம் மாறினால், காலம் மாறினால், குறிப்பாகக் காசு வந்தால் கை மாறுகிறது. வீட்டில் நான்கு பேருக்கு அரிசியும் பருப்பும் ஆக்குவது பெண் வேலை. மண்டபத்தில் ஆயிரம் பேருக்கு ஆக்கினால் அது சமையல் மாஸ்டர் வேலை. கரண்டி பிடித்திருப்பவர் அநேகமாக ஆண். அடுப்பு கூலி தரத் தொடங்கியதும் ஆள் மாறிவிடுகிறார்.

தறியையும் பாருங்கள். அசாமில் தறி என்றாலே பெண்தான் நினைவுக்கு வருவார்; நெய்யத் தெரிவது அங்கே பெண்ணுக்குப் பெருமை. சென்னிமலைப் பக்கம் கைத்தறி வீடுகளில் குழித்தறியில் உட்காருபவர் பெரும்பாலும் ஆண். வாசலில் உட்கார்ந்து தார், அதாவது தறி நாடாவுக்குள் வைக்கும் நூல் கண்டு, சுற்றுபவர் பெண். பெண்கள் நெய்யும் வீடுகளும் உண்டு. ஆனால் கூலி நெய்த துணிக்குத்தான். தார் சுற்றுவதற்குத் தனியாக யாரும் காசு எண்ணிக் கொடுப்பதில்லை. தார் இல்லாமல் ஒரு முழம்கூட நெய்ய முடியாது என்பது நெய்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். இருந்தும் அதற்கு ஒத்தாசை என்றுதான் பெயர்.

இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுக்கிறார்கள்? நான்தான். ஆசிரியர்களைச் சொல்கிறேன். பள்ளியில் விழா என்றால் வாசலில் கோலம் போட, சந்தனக் கிண்ணத்தோடும் கற்கண்டோடும் நின்று விருந்தினரை வரவேற்க, வாழ்த்துப் பாட்டுப் பாடப் பெண் பிள்ளைகள். பெஞ்சு தூக்க, மைக் கட்ட, ஓடிப்போய் டீ வாங்கிவரப் பையன்கள். இருபது ஆண்டுகள் நானும் அப்படித்தான் பிரித்துவிட்டேன். ஒரு வருடம் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். தோட்டத்தில் உர மூட்டை தூக்கிப் பழகியவள், அந்த வகுப்பிலேயே அவள்தான் பலசாலி. பெஞ்சு தூக்க அவளைக் கூப்பிட எனக்கு ஒருமுறைகூடத் தோன்றியதில்லை. எலும்பும் தோலுமாக இருந்த ஒரு பையன் மூச்சு வாங்கத் தூக்கிக்கொண்டு போவான். அவள் கிண்ணத்தோடு நிற்பாள்.

மொழியும் தன் பங்குக்குச் சொல்லிக் கொடுக்கிறது. கொங்குத் தமிழ் மரியாதைக்குப் பேர்போனது. சிறு பிள்ளையைக்கூட "வாங்க கண்ணு" என்போம். அப்படிப்பட்ட ஊரில் கணவன் மனைவியைப் பெயர் சொல்லி 'வா, போ' என்று கூப்பிடுகிறான்; மனைவி கணவனின் பெயரைச் சொல்லாமல் 'வாங்க, போங்க' என்கிறாள். கட்டுரை நோட்டில் பிள்ளைகள் 'அப்பா வந்தார், அம்மா வந்தாள்' என்று எழுதுகிறார்கள். நான் அதைத் திருத்தியதில்லை. இலக்கணப் பிழை இல்லையே!

ஒரே செயலுக்கு இரண்டு வள்ளம்

பங்கு பிரிப்பதோடு விஷயம் முடிந்துவிட்டால் 'ஆளுக்கு ஒரு வேலை, இதில் என்ன தப்பு?' என்று கேட்கலாம். பலரும் அப்படித்தான் கேட்கிறார்கள்; கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. தகராறு அளப்பதில் வருகிறது. வள்ளம் என்பது தானியம் அளக்கும் படி. வாங்கும்போது பெரிய வள்ளம், விற்கும்போது சின்ன வள்ளம் வைத்திருக்கும் வியாபாரியை ஊர் சும்மா விடாது. ஆண் செய்வதை ஒன்றாலும் பெண் செய்வதை இன்னொன்றாலும் அளக்கும்போது மட்டும் யாரும் கேட்பதில்லை. சமமற்ற எதிர்பார்ப்பு என்பது இதுதான்.

காட்டு வேலைக் கூலியை எடுத்துக்கொள்வோம். ஆண் கூலி என்று ஒன்று, பெண் கூலி என்று ஒன்று, ஊருக்கு ஊர் பேசிவைத்த தொகை. காரணம் கேட்டால் 'ஆள் வேலை கடினம்' என்பார்கள். ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் காலத்தில் கொப்பரையில் வேகவைக்கும் இடத்தில் ஆண்கள் நிற்பார்கள். விரலி, கிழங்கு என்று பிரித்துக் குவிப்பவர்கள் பெண்கள். அந்த ஒரு வேலையை மட்டும் பார்த்தால் சரி என்றுகூடத் தோன்றும். ஆனால் ஒரு நாள் முழுக்க முதுகை நிமிர்த்தாமல் களை எடுப்பது எந்தக் கணக்கில் லேசான வேலை? ஒரே வேலைக்கோ ஒத்த தன்மையுள்ள வேலைக்கோ ஆண், பெண் இருவருக்கும் ஒரே கூலி தர வேண்டும் என்று 1976இலேயே சம ஊதியச் சட்டம் வந்துவிட்டது. சட்டத்தைச் சுற்றிப் போக ஊருக்கு எளிய வழி ஒன்று இருந்தது: வேலையையே ஆண் வேலை, பெண் வேலை என்று பிரித்துவிட்டால் 'ஒரே வேலை' என்ற பேச்சே எழாது. பாலினப் பங்கு கூலியை எப்படி நிர்ணயிக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான உதாரணம் எனக்குத் தெரியாது.

திருப்பூருக்கு வருவோம். பனியன் தொழிலில் முன்பு ஆண்களே அதிகம். ஏற்றுமதி பெருகிய 1980களுக்குப் பிறகு பெண்கள் பெரும் எண்ணிக்கையில் வந்தார்கள். இன்று ஓவர்லாக் மெஷினிலும் பெண்கள் உட்காருகிறார்கள். இருந்தாலும் கட்டிங் மாஸ்டர் என்றால் ஆண், கைமடி, செக்கிங் என்றால் பெண் என்ற பழைய படம் மனத்தை விட்டுப் போகவில்லை. தொழிலாளியாக வந்து, உழைத்து, முதலாளியானவர்களின் கதை திருப்பூரில் தெருவுக்குத் தெரு உண்டு. பெருமைப்பட வேண்டிய கதைதான். அந்தக் கதைகளில் உழைத்து முன்னேறியவர் கிட்டத்தட்ட எப்போதும் ஆண். வீட்டில் இருந்த பெண் 'பக்கபலமாக' இருந்தார். தொடக்க காலத்தில் வீட்டுத் திண்ணையில் பிசிறு வெட்டி, மடித்து, கட்டுக் கட்டியவரும் பல வீடுகளில் அவர்தான். பக்கபலம் என்பது ஒத்தாசைக்குப் பட்டுச்சேலை கட்டிவிட்ட சொல்.

திருப்பூரில் வேலை நேரத்தை ஷிப்டில் சொல்வது வழக்கம். ஒன்றரை ஷிப்ட் என்றால் எட்டு மணி நேரத்தோடு இன்னும் நான்கு, ஆகப் பன்னிரண்டு. ஒன்றரை ஷிப்ட் முடித்துக் கணவனும் மனைவியும் ஒரே வண்டியில் வீட்டுக்கு வருகிறார்கள். அவர் டிவி முன்னால் உட்காருகிறார். அவருக்கு ஒன்றரை ஷிப்ட் முடிந்துவிட்டது. அவள் அரிசி கழுவுகிறாள். சம்பள வேலை முடிந்து வீடு திரும்பும் பெண்ணுக்குக் காத்திருக்கும் இந்த வேலைக்கு அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்டு 1989இல் 'இரண்டாம் ஷிப்ட்' என்றே பெயர் வைத்தார். திருப்பூர்க்காரர்களுக்கு அந்தப் பெயரை மொழிபெயர்த்துச் சொல்லத் தேவையே இல்லை.

இது ஓரிரு வீட்டுக் கதை அல்ல. மத்தியப் புள்ளியியல் துறை 2024இல் நாடு முழுவதும் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். அந்த வேலைகளில் ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடம். 'ஈடுபடும்' என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தப் பக்கமே எட்டிப்பார்க்காத ஆண்கள் இந்த 88இல் சேரவில்லை. 2019 கணக்கெடுப்பில் இது 299, 97 என்று இருந்தது. ஐந்து ஆண்டுகளில் பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது. ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்துவிட்டது!

'இப்போதுதான் எல்லாவற்றுக்கும் மெஷின் வந்துவிட்டதே' என்பார்கள். மாவாட்டும் மெஷின் எங்கள் ஊர்ச் சரக்கு. வெட் கிரைண்டரை 1955இல் உருவாக்கியவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த பி. சபாபதி, கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடுகூட உண்டு. ஆட்டுக்கல்லில் தோள் கழன்றுபோன எங்கள் அம்மாயிக்கு அது விடுதலைதான், அதை மறுக்கவே முடியாது. ஆனால் கிரைண்டர் கல்லைச் சுற்றியதே தவிர, மத்தியானமே அரிசியும் உளுந்தும் ஊறப்போட வேண்டும் என்று நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. அது எப்போதும் ஒருவர் தலையிலேயே இருந்தது. கேஸ் புக் செய்வது, ரேஷன் கடையில் என்றைக்குப் பருப்புப் போடுகிறார்கள் என்று தெரிந்துவைப்பது, மாமனாரின் சர்க்கரை மாத்திரை தீரும் நாள், பங்காளி வீட்டுக் காதுகுத்துக்கு எவ்வளவு மொய் எழுத வேண்டும் என்பது, எல்லாம் அதே தலைக்குள். 'சொன்னால் செய்துவிட்டுப் போகிறேன், சொல்ல வேண்டியதுதானே?' என்று கேட்கும் கணவர்கள் நல்லவர்கள்தான். சொல்வதும் ஒரு வேலை என்பது மட்டும் அவர்களுக்குத் தெரிவதில்லை. வீட்டில் ஆண் செய்வதும் ஒத்தாசை, தோட்டத்தில் பெண் செய்வதும் ஒத்தாசை. சொல் ஒன்றுதான். வீட்டில் ஒத்தாசை செய்யும் ஆணுக்குப் பாராட்டு உண்டு, பொறுப்பு கிடையாது. தோட்டத்தில் ஒத்தாசை செய்யும் பெண்ணுக்குப் பொறுப்பு உண்டு, பெயர் கிடையாது.

தாலிக்காகச் சேர்த்த கூலி

எதிர்பார்ப்பு ஒரு தொழிலின் சம்பள முறையையே மாற்றி எழுதும் என்பதற்குக் கொங்கு நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. 1990களின் கடைசியிலிருந்து கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகள் பலவற்றில் ஒரு முறை பரவியது. ஏழை வீட்டு மணமாகாத இளம்பெண்களை, பலர் தென்மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள், மூன்று ஆண்டுக்குப் பயிற்சியாளர் என்ற பெயரில் சேர்த்துக்கொள்வார்கள். தங்குவது ஆலை விடுதியில். மாதா மாதம் கொஞ்சம். மூன்று ஆண்டு முடிந்தால் முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று மொத்தமாக ஒரு தொகை. அதற்குச் சுமங்கலித் திட்டம் என்று பெயர். மாங்கல்யத் திட்டம், திருமகள் திருமணத் திட்டம் என்றும் சொன்னார்கள். அந்தப் பணத்தில் நகை வாங்கிக் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்பது பேச்சு. இடையில் உடம்பு முடியாமல் நின்றுவிட்டவர்களுக்கு மொத்தத் தொகை கிடைக்கவில்லை, வெளியே போகவும் போனில் பேசவும் கட்டுப்பாடு என்று புகார்கள் குவிந்தன. வழக்குகளும் விசாரணைகளும் வந்தன.

கூலி பிடித்து வைக்கப்பட்டது ஒரு பக்கம். அது எப்படி அத்தனை சுலபமாக எல்லோருக்கும் நியாயமாகப்பட்டது என்பதுதான் எனக்கு வியப்பு. பெண் வேலைக்குப் போவது கல்யாணத்துக்காக. அவள் சம்பளம் அவளுடையதல்ல, வரப்போகிறவனுக்கு உரியது. விடுதியில் அடைத்து வைத்தால்தான் பெற்றவர்களுக்கு நிம்மதி. இந்த மூன்று எதிர்பார்ப்புகளும் ஏற்கெனவே வீட்டில் தயாராக இருந்தன. ஆலை அவற்றை எடுத்து ஒப்பந்தமாக எழுதிக்கொண்டது, அவ்வளவே. பையன்களை மூன்று வருடம் விடுதியில் வைத்து வேலை வாங்கி, கடைசியில் கல்யாணச் செலவுக்குப் பணம் தரும் 'மாப்பிள்ளைத் திட்டம்' என்று ஒன்றைக் கற்பனை செய்து பாருங்கள். சிரிப்புத்தான் வரும்.

பங்காளிக்குப் பெண்பால் உண்டா?

சொத்துக்கு வருகிறேன். கொங்கில் இந்தப் பேச்சை எடுத்தால் குரல் தானாகத் தாழ்ந்துவிடும்.

பங்குக்கு உரியவர் பங்காளி. இந்தச் சொல்லுக்குப் பெண்பால் கிடையாது. சித்தப்பன் மகன் பங்காளி. கூடப் பிறந்த அக்கா பங்காளி அல்ல. ஆனால் சட்டம் எப்போதோ மாறிவிட்டது. பெண்ணுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. அந்த இயக்கத்தை நடத்திய பெரியார் ஈரோட்டுக்காரர். அறுபது ஆண்டு கழித்து, 1989 மார்ச் 25 முதல், இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனைப் போலவே மகளும் பிறப்பால் உரிமையாளர் என்று தமிழ்நாடு சட்டம் திருத்தியது. அதற்கு முன்பே மணமானவர்களை மட்டும் விலக்கியது. 2005இல் வந்த மத்தியத் திருத்தம் நாடு முழுவதும் மகள்களுக்கு அந்த உரிமையைக் கொடுத்தது; மணமானவர், மணமாகாதவர் என்ற பேதமும் போயிற்று. 2005இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை என்று 2020இல் வினீதா சர்மா வழக்கில் உச்சநீதிமன்றம் தெளிவாக்கியது.

சட்டம் இவ்வளவு தூரம் வந்த பிறகும் சார்பதிவாளர் அலுவலக வாசலில் நடப்பது என்ன? அண்ணன் கார் எடுத்துவந்து தங்கைகளை அழைத்துப் போகிறார். விடுதலைப் பத்திரம் தயாராக இருக்கிறது. தங்கைகள் தங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்துப் போடுகிறார்கள், ரேகை வைக்கிறார்கள். திரும்பும் வழியில் நல்ல ஓட்டலில் சாப்பாடு. பல வீடுகளில் ஆளுக்கு ஒரு பட்டுச்சேலை. இதில் யாருக்கு எதிலிருந்து விடுதலை என்பதைப் பத்திரம் எழுதுபவர்தான் சொல்ல வேண்டும்.

ஏன் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று கேட்டால் பலர் 'பாசம்' என்பார்கள், சிலர் 'ஏமாளித்தனம்' என்பார்கள். எனக்கு இரண்டும் சரியாகப் படவில்லை. அந்தப் பெண்கள் கணக்குப் போட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறார்கள். கொங்குக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அக்காவுக்கோ தங்கைக்கோ இணைச்சீர் என்று தனியாக ஒரு சடங்கே இருக்கிறது. கூடப் பிறந்தவள் உறவு அறுந்துபோகாது என்பதற்கு அது அடையாளம். ஆடி நோம்பிக்கு அழைப்பு, தீபாவளிக்குச் சேலை, பிள்ளைக்குக் காது குத்தினால் தாய்மாமன் சீர், நாளைக்குக் கட்டியவன் அடித்து விரட்டினால் போய் நிற்க ஒரு வாசல். பங்கு கேட்டால் அத்தனையும் ஒரே நாளில் போய்விடும் என்பது அவளுக்குத் தெரியும். பாலின எதிர்பார்ப்பு எப்போதும் கம்பெடுத்து மிரட்டுவதில்லை. மீறினால் என்ன விலை என்பதை மட்டும் முன்கூட்டியே தெரியப்படுத்திவிடுகிறது.

அண்ணன் பக்கமும் ஒரு கணக்கு உண்டு. தாய் தகப்பனைக் கடைசிவரை வைத்துப் பார்க்க வேண்டியவன் அவன். தங்கை பிள்ளைகளுக்குச் சீர் செய்து கடன்பட்டவனும் அவன். 'சீரே செய்யாமல் பாதியைக் கொடுத்துவிடுகிறேன், அப்பாவை ஆறு மாதம் அவர்கள் வீட்டில் வைத்துக்கொள்ளட்டும்' என்று ஒரு விவசாயி என்னிடம் ஆற்றாமையோடு சொன்னார். நியாயமான பேச்சு. இரண்டு பேருமே ஊர் எழுதிய பழைய வசனத்தைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மகள் அடுத்த வீட்டுக்குப் போகிறவள், மகன் வீட்டைத் தாங்குகிறவன்.

தாங்குகிறவன்

அந்த வசனம் ஆணையும் நசுக்குகிறது. மகன் என்றால் தாங்க வேண்டும், மகள் என்றால் செலவு என்ற கணக்கின் கொடூரமான முனை சேலம் பக்கத்தில் வெளிப்பட்டது. பெண் சிசுக்களைக் காப்பாற்ற 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது அங்கேதான். 2001 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயது வரையுள்ள 1000 ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகளே இருந்தார்கள். அந்த ஆண் குழந்தைகள் வளர்ந்து இப்போது பெண் தேடும் வயதுக்கு வந்திருக்கிறார்கள். பத்து ஏக்கர் தோட்டமும் கிணறும் இருந்தும், 'மாப்பிள்ளை பண்ணையம்தான் பார்க்கிறார்' என்றதும் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். முப்பத்தைந்து வயதாகியும் கல்யாணம் ஆகாத மகன்களுக்காகப் பாலக்காட்டுப் பக்கம் தரகர் வழியாகப் பெண் தேடும் வீடுகள் எங்கள் ஊரிலேயே உண்டு. பெண் வீட்டாரைக் குறை சொல்லவும் முடியாது. தோட்டத்து வீட்டு மருமகளுக்குக் கட்டுத்தரையில் என்ன காத்திருக்கிறது என்று பெண்ணின் அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். அவர் அதில் முப்பது வருடம் 'சும்மா' இருந்தவர்.

சம்பாதிக்காத ஆணை ஊர் எப்படிப் பார்க்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆர்டர் நின்று கடன் ஏறினால் மனைவியிடம்கூட வாய் திறக்காத எத்தனையோ பேர். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2021இல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்ட 1,64,033 பேரில் 1,18,979 பேர் ஆண்கள். எல்லாவற்றுக்கும் இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 'ஆம்பளை அழக்கூடாது' என்று ஐந்து வயதில் சொல்லப்பட்டவன் நாற்பது வயதில் யாரிடம் போய் அழுவான்?

பிள்ளை பிறந்த வீட்டிலும் இதே கதைதான். தாய்க்கு 26 வாரச் சம்பள விடுப்பு என்று 2017இல் சட்டம் திருத்தப்பட்டது, நல்லது. தனியார் கம்பெனியில் வேலை செய்யும் தகப்பனுக்கு ஒரு நாள்கூடச் சட்டப்படி கிடையாது. தகப்பனும் ஒத்தாசைக்காரர்தான் என்று சட்டமே முடிவுசெய்துவிட்டது.

மாறவே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்று தமிழ்நாடு 2016இல் சட்டம் கொண்டுவந்தது. சில ஊர்களில் தலைவரம்மாவின் வீட்டுக்காரரே நாற்காலியில் உட்காருகிறார். சில ஊர்களில் அவரை எழுப்பிவிட்டார்கள். 2023 செப்டம்பரில் தகுதியுள்ள குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகை தரத் தொடங்கினார்கள். தொகை போதுமா என்று விவாதிக்கலாம். அதன் பெயரில் 'உதவி' இல்லாமல் 'உரிமை' என்ற சொல் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

அந்தத் தோட்டத்து வாசலில் நான் என்ன எழுதினேன் என்று சொல்லவில்லையே. பெண்களின் உழைப்பு கணக்கில் விட்டுப்போகிறது என்ற குறைக்காக, தோட்டத்திலும் குடும்பத் தொழிலிலும் கூலியில்லாமல் செய்யும் வேலையையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று 1991 கணக்கெடுப்பின் கேள்வியிலேயே எழுதிவிட்டார்கள். 2001இல், வீட்டுத் தேவைக்காகவே மாடு வளர்த்துப் பால் கறந்தாலும் அது வேலைதான் என்று விளக்கம் வந்தது. ஆகவே அந்த அம்மாளை வேலை செய்பவர் என்றே குறித்துக்கொண்டேன். பெரியவர் எட்டிப்பார்த்துச் சிரித்தார். "மாட்டுக்குத் தண்ணி காட்டுவதெல்லாம் சர்க்காரில் வேலைங்களா?" அம்மாள் எதுவும் சொல்லவில்லை. மோர்ச் சொம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

மாடு உள்ள வீட்டில் அப்படி. மாடு இல்லாத வீட்டில் சமைத்து, துவைத்து, பிள்ளை பார்ப்பவர் 'வீட்டுக் கடமைகள்' என்ற வரிசையில் வருவார். வேலை செய்யாதவர்கள் என்ற பிரிவுக்குள் அந்த வரிசை இருக்கிறது. மாணவர், ஓய்வூதியர், பிச்சை எடுப்பவர் ஆகியோரும் அதே பிரிவில்தான்.

எங்கள் வீட்டுக்கு அதே வாரம் வேறொரு ஆசிரியர் படிவத்தோடு வந்தார். நான் அப்போதுதான் தோட்டங்களைச் சுற்றிவிட்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். என் வேலை, என் கணவர் வேலை எல்லாம் சொன்னேன். "உங்கள் மாமியார்?" என்று கேட்டார்.

"அத்தை வீட்டில் சும்மாதான் இருக்கிறார் சார்."

கணக்குப்படி நான் சொன்னது சரிதான். எங்களிடம் மாடு இல்லை. உள்ளேயிருந்து அத்தையும் குரல் கொடுத்தார்: "ஆமாங்க சார், சும்மாதான் இருக்கிறேன்." ஒரு கையில் சோற்றுக் கிண்ணம், இடுப்பில் என் மகன்.